சதை கரைவது வயசால் மட்டும்தானா?



குழுக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். இளம் உறுப்பினர்கள் சட்டென்று எழுந்துவிடுகிறார்கள். 50, 55 வயதைத் தாண்டிய அக்காமார் ஒரு கையைத் தரையில் ஊன்றி, இன்னொரு கையால் பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்து, "யப்பா, முருகா" என்று எழுந்திருக்கிறார்கள். "முட்டி வலிங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறோம். முட்டி வலியும் உண்டுதான். ஆனால் பல பேருக்கு முட்டியைவிட, முட்டிக்கு மேலே இருக்கிற தொடைச் சதை குறைந்துபோனதுதான் பெரிய காரணம். அதைப் பற்றித்தான் இந்த இதழில் பேசப்போகிறோம்.

முதியோர் விஷயம் என்றதும் "இது மாமியாருக்கு, நமக்கில்லை" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின. அன்றைக்கு 30 வயதில் ஊக்குநராக இருந்த பெண்ணுக்கு இன்று 65 வயதுக்கு மேல் ஆகிறது. நம்முடைய பழைய குழுக்களில் பாதிப் பேர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 100 பேருக்கு 10 பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்களாக இருந்தார்கள். இது நம் வீட்டு விஷயம், நம் உடம்பு விஷயம்.

உடம்பில் இருக்கும் சேமிப்பு

"உடம்பு வத்திப்போச்சு", "கைகால் சூம்பிப்போச்சு" என்று ஊரில் சொல்கிறோம் இல்லையா, அதற்கு மருத்துவத்தில் சார்கோபீனியா என்று பெயர். இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பெயர் அது. கிரேக்க மொழியில் சதைக் குறைவு என்று அர்த்தம். அவர் அந்தப் பெயரைச் சொன்னதும் 1989-ல்தான், நம் குழுக்கள் பிறந்த அதே வருஷம்.

30 வயதைத் தாண்டிய பிறகு எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சதை குறையத் தொடங்குகிறது. 10 வருஷத்துக்கு 100-க்கு 3 முதல் 8 பங்கு வரை குறையும். 60-க்கு மேல் இந்த வேகம் கூடும். சதை குறைவதைவிடப் பலம் இன்னும் வேகமாகக் குறையும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் சேர்ந்து தேய்வதால் கஷ்டம் இரண்டு மடங்கு.

எடை போட்டுப் பார்த்து "நான் அப்படியேதான் இருக்கேன்" என்று நிம்மதி அடைய முடியாது. சதை போன இடத்தில் கொழுப்பு சேர்ந்துவிட்டால் எடை மாறாது. பார்க்கக் குண்டாக இருப்பார், ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடியாது. இந்த மாதிரிப் பல பேரை நாங்கள் கிராமங்களில் பார்க்கிறோம்.

சதையின் வேலை நடப்பதும் தூக்குவதும் மட்டும் இல்லை. நாம் சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்வது சதைதான். அது குறைந்தால் சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைப்பது கஷ்டம். ஈரத் தரையில் கால் வழுக்கினால் விழாமல் நம்மைப் பிடித்து நிறுத்துவதும் அதுதான். இன்னொன்று, சதை என்பது உடம்பின் சேமிப்புக் கணக்கு. காய்ச்சல் வந்து நாலு நாள் சாப்பிட முடியவில்லை என்றால் உடம்பு சதையைக் கரைத்துத்தான் செலவு பண்ணுகிறது. நம் குழுவில் உள்கடன் எடுத்தால் திருப்பிக் கட்டுகிறோம். சிறு வயதில் உடம்பும் அப்படித்தான், எடுத்ததைச் சீக்கிரம் கட்டிவிடும். வயதான உடம்பு எடுத்ததைத் தானாகத் திருப்பிக் கட்டாது. நாம்தான் கட்ட வேண்டும்.

எதை வைத்துக் கட்டுவது? இரண்டே வழிதான். தட்டில் பருப்பு, பயறு, முட்டை, பால் மாதிரிப் புரதம் உள்ள சாப்பாடு விழ வேண்டும். உடம்பு அசைய வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆனால் ஒரு வயதான பெண்ணின் தட்டில் என்ன விழுகிறது, அவர் எவ்வளவு அசைகிறார் என்பதை அவர் மட்டும் தீர்மானிப்பது இல்லை. மகன், மருமகள், மகள், கணவர், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார்கள். அதனால்தான் மருந்துக்கடையில் டானிக் வாங்கிக் கொடுத்து இந்தப் பிரச்சினையை முடிக்க முடியவில்லை.

கடைசித் தட்டு

பெண்கள் கடைசியில் சாப்பிடுவது நம் வீடுகளில் பழக்கமாகவே ஆகிவிட்டது. சிறு வயதில் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டவர், வயதான பிறகு மகனுக்கும் பேரனுக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறார். முட்டை 4 வாங்கினால் வீட்டில் இருக்கும் 5 பேரில் யாருக்கு இல்லை என்று கேட்கவே வேண்டாம். "எனக்கெதுக்குடி முட்டை, வளர்ற புள்ளைக்குக் குடு" என்பார். அவரே சொல்லிவிட்டார் என்று நாமும் விட்டுவிடுகிறோம். வளர்கிற பிள்ளைக்கு வளர்வதற்கு வேண்டும், ஆயாவுக்குக் கரையாமல் இருப்பதற்கு வேண்டும். இரண்டும் தேவைதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாம்தான் கணக்கில் கெட்டிக்காரர்கள் ஆயிற்றே. 45 கிலோ எடையுள்ள ஒரு அம்மா என்று வைத்துக்கொள்வோம். காலையில் பழையசோறு அல்லது 2 இட்லி, மதியம் சோறும் தண்ணிக் குழம்பும், ராத்திரி ரசஞ்சோறு அல்லது கஞ்சி, நடுவில் 2 டீ. ஒரு நாளைக்கு 200 கிராம் அரிசி என்றால் அதில் சுமார் 15 கிராம் புரதம். குழம்பில் இருக்கும் கொஞ்சம் பருப்பில் 3 கிராம், டீயில் இருக்கும் பாலில் 3 கிராம், காய்கறியில் ஒன்றிரண்டு கிராம். எல்லாம் சேர்த்தால் 23 கிராம் தேறும்.

தேவை எவ்வளவு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு 1 கிலோ எடைக்கு 0.83 கிராம். அப்படிப் பார்த்தால் இந்த அம்மாவுக்கு 37 கிராம் வேண்டும். வயதானவர்களின் உடம்பு புரதத்தை முன்போலப் பயன்படுத்திக்கொள்வது இல்லை என்பதால் 65 வயதுக்கு மேல் 1 கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நல்லது என்று 2013-ல் ஒரு பன்னாட்டு வல்லுநர் குழு சொன்னது. அப்படியென்றால் 45 முதல் 54 கிராம். பாதிதான் போகிறது, மீதி பாக்கி. தினம் தினம் பாக்கி.

அந்தப் பாக்கியை அடைக்கப் பெரிய செலவு இல்லை. ஒரு முட்டையில் 6 கிராம். ஒரு டம்ளர் பால் அல்லது தயிரில், 200 மில்லி என்றால், 6 கிராம். ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 6 கிராம். ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ கொள்ளோ வேகவைத்த சுண்டலில் 6 கிராம். நாலும் சேர்த்தால் 24. கணக்குச் சரியாகிவிட்டது. முட்டை சாப்பிடாதவர்கள் பருப்பையும் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம். கருவாடு சாப்பிடுகிறவர்கள் வீட்டில் நெத்திலிக் கருவாடு நல்ல புரதம். ஆனால் உப்பை நன்றாகக் கழுவிவிட வேண்டும், ரத்தக்கொதிப்பு இருந்தால் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். ரேஷன் துவரம்பருப்பு வாங்குகிறோமே, அது சாம்பாரில் கரைந்து தண்ணீராகப் போகாமல், வாரத்தில் மூன்று நாளாவது கெட்டியாகக் கடைந்த பருப்பாகத் தட்டில் விழட்டும்.

எல்லாவற்றையும் ஒரே வேளையில் கொடுப்பதைவிட மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுப்பது நல்லது. பல் இல்லாதவர்களுக்குச் சுண்டலை மசித்துக் கொடுங்கள், கடலையைப் பொடி செய்து கஞ்சியில் கலந்து கொடுங்கள். "பல்லு போச்சு, அதனால கஞ்சி போதும்" என்று சொல்லும் வீடுகளில்தான் சதை வேகமாகக் கரைகிறது. கஞ்சி தப்பில்லை, வெறும் கஞ்சிதான் தப்பு.

பருப்பு வாயு, முட்டை சூடு என்று ஒதுக்குவதும் உண்டு. பயறு வகைகளை முந்தின நாளே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைத்துப் பூண்டு, பெருங்காயம் போட்டுத் தாளித்தால் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது. முதலில் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்குங்கள். வெற்றிலையோடு புகையிலை போட்டுப் பசியை அடக்கும் அம்மாக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பசி தெரியாவிட்டாலும் உடம்பு கரைந்துகொண்டுதான் இருக்கும். வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி, அமாவாசை என்று மாதத்தில் பாதி நாள் ஒரு வேளை மட்டும் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்கள், அந்த ஒரு வேளையிலாவது பாலும் பயறும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் வீட்டில் ஒரு மாதம், தம்பி வீட்டில் ஒரு மாதம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். எழுதத்தான் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

சொத்தைப் பிரித்ததோடு தாய் தகப்பனையும் பிரித்துக்கொள்ளும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. முறை வைத்துச் சாப்பாடு. இந்த மாதம் பெரியவன் வீடு, அடுத்த மாதம் சின்னவன் வீடு. சில இடங்களில் அப்பா ஒரு வீட்டில், அம்மா ஒரு வீட்டில். 40 வருஷம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ஆளுக்கொரு வாசலில் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டினி போடுகிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. சோறு வந்துவிடுகிறது. ஆனால் அது நம் வீடு, நம் அடுப்பு என்ற உரிமை இல்லாத இடத்தில், "இன்னும் கொஞ்சம் பருப்பு ஊத்து" என்று கேட்க வாய் வராது. 31 நாள் உள்ள மாதத்தில் அந்தக் கடைசி நாள் யார் கணக்கு என்று சண்டை வந்த வீடுகூட உண்டு. அந்தப் பேச்சைக் காதில் கேட்டுக்கொண்டு சாப்பிடும் சோறு எப்படி உடம்பில் ஒட்டும்? பாதியில் கை கழுவிவிடுவார்கள்.

முதியோர் ஓய்வூதியமும் இதில் சேர்ந்ததுதான். தமிழ்நாட்டில் அது 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. அந்தப் பணம் வந்த அன்றே பேரன் பீஸுக்கோ மகன் கடனுக்கோ போய்விடுகிறது என்று பல அம்மாக்கள் சொல்கிறார்கள். குடும்பத்துக்குக் கொடுப்பதில் அவர்களுக்குச் சந்தோஷம் இருக்கலாம், அதை நாம் தடுக்க முடியாது. ஆனால் அதில் ஒரு பங்கு அவர் தட்டுக்கு என்று தனியாக நிற்க வேண்டும். தினம் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் அந்தப் பணத்திலேயே ஆகிவிடும். நம் உறுப்பினர்கள் தங்கள் வீட்டில் இதைச் செய்துவிட்டால், பக்கத்து வீட்டில் போய்ச் சொல்ல வாய் இருக்கும்.

சாப்பாடு, துணி, இருப்பிடம், வைத்தியம் ஆகியவற்றைப் பெற்றோருக்குத் தர வேண்டியது பிள்ளைகளின் கடமை என்று 2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை. இருந்தாலும் சட்டம் வரைக்கும் போவதற்கு முன்னால் பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்புப் பெண்கள் நாலு பேர் போய் உட்கார்ந்து பேசினாலே பல வீடுகளில் காரியம் நடக்கிறது.

"நீங்க உட்காருங்க அத்தை"

கொடுமை செய்யும் வீட்டில் மட்டும்தான் சதை கரையும் என்று நினைக்க வேண்டாம். பாசம் அதிகமான வீட்டிலும் கரைகிறது.

ஒரு குழுவில் ஒரு மருமகள் பெருமையாகச் சொன்னார்: "எங்க அத்தைய ஒரு துரும்பு தூக்க விடறதில்லைங்க. டிவி முன்னாடி சேர் போட்டு உட்கார வெச்சிருக்கோம். தண்ணிகூட கைல கொண்டுபோய்க் குடுக்கறோம்." நல்ல மனசுதான், அதில் சந்தேகமே இல்லை. அந்த அம்மாவுக்கு 62 வயது. இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை காட்டில் களை எடுத்தவர். இப்போது சேரிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

சதையின் குணம் அப்படி. வேலை கொடுத்தால் இருக்கும், வேலை இல்லை என்றால் போய்விடும். முன்பு உரலும் ஆட்டுக்கல்லும் அம்மியும் கிணற்றடியும் நம் பெண்களின் உடம்பைப் பார்த்துக்கொண்டன. மிக்சியும் கிரைண்டரும் வந்தது நல்லதுதான், பழையபடி உரலுக்குத் திரும்புங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத்துப் பெண்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஆனால் உரல் போன இடத்தில் பிளாஸ்டிக் சேர் வந்து உட்கார்ந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து எழுந்திருப்பது, குந்தி உட்கார்ந்து காய் நறுக்குவது எல்லாமே தொடைக்கும் இடுப்புக்கும் பயிற்சி. முடிந்தவரை அதை விட்டுவிட வேண்டாம். முட்டி தேய்ந்தவர்கள் மட்டும் தரையை விட்டு உயரமான ஸ்டூலில் உட்காரலாம்.

வயதானவருக்கு வேலை கொடுப்பது பாவம் என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கீரை ஆய்வது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவது, பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வருவது, ரேஷன் கடைக்கு நடந்துபோவது மாதிரி அவரால் முடிகிற வேலையை அவரிடமே விடுங்கள். கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். "உங்களால முடியாது, குடுங்க" என்று கையிலிருந்து பிடுங்குவது சதையையும் பிடுங்குகிறது, மரியாதையையும் பிடுங்குகிறது.

காய்ச்சல், ஆபரேஷன் என்று படுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். 2007-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. நோய் நொடி இல்லாத, 60 வயதைத் தாண்டியவர்களை 10 நாள் கட்டிலிலேயே படுக்க வைத்தார்கள். அந்த 10 நாளில் கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ சதை குறைந்திருந்தது. நோயாளிக்கு இன்னும் கூடுதலாகவே போகும். சிக்கன்குனியா வந்து படுத்த பெரியவர்கள் காய்ச்சல் போன பிறகும் எழுந்து நடக்க மாதக்கணக்கில் தடுமாறுவதை நம் ஊர்களில் பார்த்திருக்கிறோம். மூட்டு வலி ஒரு காரணம், படுத்தே கிடந்தது இன்னொரு காரணம். டாக்டர் படுக்கத்தான் வேண்டும் என்று சொல்லாத வரைக்கும், உட்கார வைத்துச் சாப்பிட வையுங்கள், பிடித்துக்கொண்டாவது கக்கூஸ் வரை நடக்க வையுங்கள்.

ஒரு ஆளுக்கு என்னத்த ஆக்கறது

மகன் திருப்பூரில், மகள் சென்னையில், கணவர் காலமாகிவிட்டார். வீட்டில் ஒரே ஒரு அம்மா. இப்படி எத்தனை வீடு இருக்கிறது என்று உங்கள் தெருவில் எண்ணிப் பாருங்கள். "ஒரு ஆளுக்கு என்னத்த ஆக்கறதுங்க, சோறு மட்டும் வடிச்சிக்குவேன், ஊறுகா இருக்குது" என்ற பதிலைக் கேட்காத களப்பணியாளர் எங்களில் யாரும் இல்லை. சமைக்கத் தெரியாமல் இல்லை. 10 பேருக்கு ஆக்கிப் போட்ட கை அது. சாப்பிடச் சொல்ல ஆள் இல்லை, அதனால் அடுப்பு எரியவில்லை.

இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டிய ஆயிரக்கணக்கானவர்களை 2002 முதல் வருஷக்கணக்காகத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அதில், தனிமையாக உணர்ந்தவர்களுக்கும் அக்கம்பக்கத்துத் தொடர்பு குறைந்தவர்களுக்கும் காலப்போக்கில் நடையின் வேகம் குறைந்தது தெரிந்தது. அந்த நாட்டுக்கும் நமக்கும் சாப்பாடு, வீடு எல்லாம் வேறு. ஆனால் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைக்கிறோம். பேச ஆள் இல்லாதவர் வெளியே போவதில்லை, வெளியே போகாதவருக்குப் பசிப்பதில்லை, பசிக்காதவர் சாப்பிடுவதில்லை.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போன் பண்ணும்போது "சாப்ட்டியாம்மா" என்று கேட்கிறார்கள். "சாப்ட்டேன்" என்று பதில் வரும். "என்ன சாப்ட்ட?" என்று ஒரு வார்த்தை கூடக் கேட்கச் சொல்லுங்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நம் கடலோர மாவட்டங்களில் ஹெல்ப்ஏஜ் இந்தியா அமைப்பு முதியோருக்கென்றே தனிக் குழுக்களை அமைத்தது. சேமிப்பு, கடன் என்று நம்மைப் போலவேதான். வாரம் ஒருமுறை குளித்து, நல்ல சேலை கட்டி, கூட்டத்துக்கு நடந்துபோவதே உடம்புக்கு எவ்வளவு செய்யும்! "உனக்கு வயசாயிடுச்சு, பேர எடுத்துடறோம்" என்று மூத்த உறுப்பினர்களைக் குழுவிலிருந்து அனுப்பிவிட நினைப்பவர்கள் இதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

மருமகள் தலையில் மட்டும் போட வேண்டாம்

இதைப் படித்துவிட்டு "பாத்தியா, புத்தகத்துலயே போட்டிருக்காங்க, நீ எனக்கு முட்டை குடுக்கல" என்று மாமியார்கள் சண்டைக்குக் கிளம்பக் கூடாது. காலையில் காட்டு வேலை, சாயங்காலம் மாடு, நடுவில் பிள்ளைகள், ராத்திரி படுக்கும்போது 11 மணி என்று இருக்கும் மருமகளும் கடைசித் தட்டில்தான் சாப்பிடுகிறாள். அவளுக்கு இன்று கிடைக்காத பருப்பும் பாலும் 20 வருஷம் கழித்து அவள் காலில் தெரியும். படுக்கையில் இருக்கும் மாமியாரைத் தூக்கித் தூக்கி முதுகு போன மருமகள்கள் நம் குழுக்களில் இருக்கிறார்கள். அம்மாவுக்கு முட்டை வாங்கி வருவதும், சாயங்காலம் கையைப் பிடித்து நாலு தெரு நடத்திக் கூட்டிவருவதும் மகன் செய்யக் கூடாத வேலையா என்ன? மாமனாருக்கும் இது பொருந்தும். மனைவி போன பிறகு ஒரு டீகூடப் போடத் தெரியாமல் உடம்பு விட்டுப்போகும் ஆண்கள் நிறைய.

போன சதை திரும்பி வருமா?

வரும், பலம் நிச்சயமாக வரும். 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில், 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் காலுக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்களுடைய காலின் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேல் கூடியிருந்தது. 90 வயதில் முடிகிறது என்றால் 60 வயதில் முடியாதா?

நம் வீட்டில் எடைக் கருவி வேண்டாம். கை வைக்காமல் சேரிலிருந்து எழுந்து உட்காருவது 10 முறை. திண்ணைத் தூணையோ சுவரையோ பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது 10 முறை. சுவரில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, சுவரை நோக்கிச் சாய்ந்து திரும்பத் தள்ளுவது 10 முறை. 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டுவது 10 முறை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்தால் போதும், மற்ற நாட்களில் நடக்கலாம். முதல் வாரம் தொடை வலிக்கும். அது தானாகச் சரியாகும். நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சர்க்கரை, இதய நோய் இருப்பவர்கள் பயிற்சி தொடங்கும் முன் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் புரதத்தைத் தாங்களாகக் கூட்டக் கூடாது. முட்டி வலிக்கு மருந்துக்கடையில் சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிடும் பழக்கமும் ஆபத்து. அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், தொடர்ந்து சாப்பிட்டால் அதுவே சதையைக் கரைக்கும். காரணமே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் எடை வேகமாகக் குறைந்தால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். காசநோய், தைராய்டு, புற்றுநோய் எதுவாகவும் இருக்கலாம், பரிசோதனை அவசியம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்த தன்னார்வலர்கள் நம் மகளிர் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள்தான். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைப் பயிற்சி கொடுப்பதும் அந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. உங்கள் பகுதியில் யாரைக் கேட்க வேண்டும் என்று துணை சுகாதார நிலைய நர்ஸிடம் விசாரியுங்கள்.

அடுத்த கூட்டத்தில் செய்து பாருங்கள்

50 வயதைத் தாண்டிய எல்லா உறுப்பினர்களுக்கும் இரண்டு சோதனை. பத்து நிமிஷ வேலை.

முதலாவது, விரல் வளையம். ஜப்பானில் கஷிவா என்ற ஊரில் முதியோரிடம் செய்து பார்த்த முறை இது. உட்கார்ந்துகொண்டு, இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் மாதிரி ஆக்கி, கெண்டைக்காலின் தடித்த இடத்தில் பிடியுங்கள். விரல்கள் ஒன்றையொன்று தொடவில்லை என்றால் நல்லது. சரியாகத் தொட்டால் கவனம் வேண்டும். வளையம் காலில் உட்கார்ந்து இடைவெளியும் விழுந்தால் சதை குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கால் வீக்கம் இருப்பவர்களுக்கு இது சரியாகக் காட்டாது.

இரண்டாவது, சேர் சோதனை. கைப்பிடி இல்லாத, ஆடாத சேரைச் சுவரை ஒட்டிப் போடுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். இரண்டு கையையும் நெஞ்சின் மேல் குறுக்காகக் கட்டிக்கொண்டு 5 முறை முழுதாக எழுந்து உட்கார வேண்டும். செல்போனில் நேரம் பாருங்கள். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் பலம் குறைவு என்று ஆசிய நாடுகளின் மருத்துவ வல்லுநர் குழு 2019-ல் வரையறுத்தது. எழுந்திருக்கவே முடியாதவர்களை வற்புறுத்த வேண்டாம்.

பெயரையும் வினாடியையும் தீர்மான நோட்டில் எழுத வேண்டாம், தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள். மூன்று மாதம் பயிற்சி செய்த பிறகு மறுபடியும் சோதித்து எழுதுங்கள். அந்த நோட்டைக் கணக்காளர் மூலம் வட்டாரக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொடுத்தனுப்பினால், 12 வினாடிக்கு மேல் எடுத்தவர்களின் ஊர்களுக்கு நாங்கள் முதலில் வருகிறோம். சாப்பாடோ வைத்தியமோ கிடைக்காமல் தவிக்கும் முதியவர் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் கூட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். முதியோர் உதவி எண் 14567-க்குப் போன் செய்யலாம், அழைக்கக் கட்டணம் இல்லை.